அரசாணையில் ஊராவதும் நகரமாவதும்: ராயகிரியை முன்வைத்து

ஒரு ஊர் கிராமமா நகரமா என்பதை யார் முடிவு செய்கிறார்கள்? கேள்வி அற்பமாகத் தோன்றலாம். கண்ணுக்குத் தெரிகிற விஷயம்தானே. வயலும் வரப்பும் இருந்தால் கிராமம், கடைவீதியும் பஸ் ஸ்டாண்டும் இருந்தால் டவுன் என்று நம்மில் பலர் சொல்லிவிட்டுப் போய்விடுவோம். சங்கரன்கோவில் வட்டாரத்து ராயகிரிக்காரர்களிடம் இந்தப் பேச்சு எடுபடாது. 2004ஆம் ஆண்டின் நடுவில் அவர்கள் ஊர் பேரூராட்சி என்ற தகுதியை இழந்து கிராம ஊராட்சி ஆயிற்று. 2006ஆம் ஆண்டின் நடுவில் மீண்டும் பேரூராட்சி ஆயிற்று. இந்த இரண்டு வருஷத்தில் அங்கே ஒரு வயல் கூடவுமில்லை, ஒரு குளம் தூர்ந்து நகரமாகிவிடவுமில்லை. மேற்கே மலை அப்படியேதான் நின்றது. மாறியதெல்லாம் சென்னைக் கோட்டையில் ஒரு தாள்.

அந்தத் தாளின் வரலாற்றைத்தான் இங்கே எழுத நினைக்கிறேன். உள்ளாட்சி பற்றிய நமது விவாதங்கள் பெரும்பாலும் தேர்தல், இடஒதுக்கீடு, நிதி என்ற மூன்றைச் சுற்றியே நடக்கின்றன. மூன்றும் முக்கியம்தான். ஆனால் இவற்றுக்கெல்லாம் முன்னால், சத்தமில்லாமல் நடந்து முடிந்துவிடுகிற ஒரு காரியம் இருக்கிறது. அது பெயரிடுதல். உன்னை நான் கிராமம் என்று அழைக்கிறேன், உன்னை நகரம் என்று அழைக்கிறேன் என்று அரசு சொல்லிவிட்ட மாத்திரத்தில் யாருக்கு வேலை, யாருக்குச் சபை, யாருக்கு எவ்வளவு வரி என்பதெல்லாம் தீர்ந்துபோகிறது. பெயர் வைக்கிற அதிகாரம் ஊர்க்காரனிடம் ஒருநாளும் இருந்ததில்லை.

கொஞ்சம் பின்னால் போவோம். ரிப்பன் பிரபுவின் 1882 மே மாதத் தீர்மானத்தை இந்திய உள்ளாட்சியின் மகாசாசனம் என்று பள்ளிக்கூடப் புத்தகங்கள் நமக்குச் சொல்லித்தந்தன. அதைத் தொடர்ந்து சென்னை மாகாணத்தில் வந்தது 1884ஆம் வருஷத்து ஸ்தல ஸ்தாபனச் சட்டம். ஜில்லா போர்டு, தாலுகா போர்டு, அவற்றுக்குக் கீழே சில ஊர்களைச் சேர்த்துக் கட்டிய யூனியன் என்று மூன்று அடுக்கு. யூனியனின் வேலை என்ன? தெருவைக் கூட்டுவது, விளக்கு வைப்பது, சாக்கடை வெட்டுவது. அதற்குப் பணம்? வீட்டு வரி. எல்லா ஊரும் யூனியன் ஆகிவிடவில்லை. வரி கட்டக்கூடிய ஊரே யூனியன் ஆயிற்று. தன்னாட்சி என்ற சொல்லுக்கு அடியில் வரிவசூல் என்ற சொல் புதைந்து கிடப்பதை அன்றே காணலாம். இன்றைய பேரூராட்சியின் தாத்தா இந்த யூனியன்தான்.

சுதந்திரத்துக்குப் பிறகும் அளவுகோல் பெரிதாக மாறிவிடவில்லை. 1958ஆம் ஆண்டுச் சென்னைப் பஞ்சாயத்துச் சட்டம் ஊர்களை இரண்டாகப் பிரித்தது. 5,000க்குக் குறையாத ஜனத்தொகையும் 10,000 ரூபாய்க்குக் குறையாத ஆண்டு வருமானமும் இருந்தால் அது பஞ்சாயத்து டவுன். மற்றதெல்லாம் கிராமப் பஞ்சாயத்து. அந்த ஊரில் எத்தனை பேர் கூலிக்கு நாற்று நட்டார்கள், எத்தனை பேருக்குக் கையகல நிலம் இருந்தது என்பது இந்தக் கணக்கில் எங்கும் வராது. ஊரின் வருமானம் என்பது பஞ்சாயத்தின் வருமானம், ஊராரின் வருமானமல்ல. இன்றுவரை பேரூராட்சிகளை இரண்டாம் நிலை, முதல் நிலை, தேர்வு நிலை, சிறப்பு நிலை என்று தரம் பிரிப்பதும் வருமானத்தை வைத்துத்தான். கோழி எடையைப் பார்த்து விலை சொல்வதுபோல.

இருந்தாலும் 1981 வரை இந்த டவுன் பஞ்சாயத்துகள் ஊரக வளர்ச்சித் துறையின் கீழேதான் இருந்தன. பெயர் டவுன், குடும்பம் கிராமம். 1981இல் பேரூராட்சிகளுக்கென்று தனி இயக்ககம் அமைக்கப்பட்டபோது அந்தக் குடும்ப உறவும் அறுந்தது. பிறகு 73, 74ஆவது அரசியல் சட்டத் திருத்தங்கள் வந்தன. 1993இல் இவை நடைமுறைக்கு வந்ததைப் பெரும் ஜனநாயகப் புரட்சியாகக் கொண்டாடியவர்கள் உண்டு. கொண்டாட நியாயமும் உண்டு. ஆனால் அந்தத் திருத்தங்கள் கிராமத்துக்கு ஒரு பாகம், நகரத்துக்கு ஒரு பாகம் என்று அரசியல் சட்டத்திலேயே கோடு கிழித்துவிட்டன என்பது அவ்வளவாகக் கவனிக்கப்படவில்லை. கிராமம் என்றால் என்ன? ஆளுநர் அறிவிக்கை வெளியிட்டு இது கிராமம் என்று சொல்வதெல்லாம் கிராமம். கிராமத்திலிருந்து நகரமாக மாறிக்கொண்டிருக்கும் பகுதி எது? அதையும் ஆளுநரே அறிவிப்பார். ஜனத்தொகை, நெருக்கம், உள்ளூர் வருவாய், விவசாயமல்லாத தொழில்களில் இருப்போரின் விகிதம் ஆகியவற்றைக் கருத்தில்கொண்டு அறிவிக்க வேண்டும் என்கிறது பிரிவு 243-கியூ. விவசாயமல்லாத தொழில் என்ற சொல்லை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். சட்டத்தில் இருக்கிறது, நடப்பில் காணோம்.

இனி ராயகிரி. சிவகிரிக்கும் வாசுதேவநல்லூருக்கும் பக்கத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்துச் சமவெளியில் இருக்கிற ஊர். முன்பு திருநெல்வேலி மாவட்டம், சங்கரன்கோவில் தாலுகா. பிறகு சிவகிரி தாலுகா. 2019 நவம்பர் 22 முதல் தென்காசி மாவட்டம். சிவகிரியும் பேரூராட்சி, வாசுதேவநல்லூரும் பேரூராட்சி, ராயகிரியும் பேரூராட்சி. இந்த மூன்று 'நகர'ங்களையும் இணைக்கிற சாலையில் போனால் இரண்டு பக்கமும் நெல்லும் கரும்பும் தோப்பும்தான். மலையில் மழை பெய்து குளம் பெருகினால் பிழைப்பு, இல்லையென்றால் திருப்பூருக்கோ கேரளாவுக்கோ பஸ் ஏற வேண்டியதுதான். இந்த ஊர்களைப் பற்றி விவசாயமல்லாத தொழில் விகிதம் என்று யாராவது பேசினால் அங்குள்ள ஜனங்கள் சிரித்துவிடுவார்கள்.

2004 ஜூனில் அன்றைய ஜெயலலிதா அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. 30,000க்கு மேல் ஜனத்தொகை உள்ள பேரூராட்சிகள் மூன்றாம் நிலை நகராட்சிகளாக உயர்த்தப்பட்டன. மிச்சமிருந்த 561 பேரூராட்சிகள் சிறப்புக் கிராம ஊராட்சிகள் என்று மறுபெயரிடப்பட்டன. ராயகிரி இந்த இரண்டாவது கூட்டத்தில். சொல்லப்பட்ட காரணம் ஒளிவுமறைவில்லாதது: மத்திய அரசின் ஊரக வளர்ச்சித் திட்டங்களுக்கான பணம் கிராமங்களுக்குத்தான் வரும், பேரூராட்சி என்ற பெயர் இருப்பதால் இந்த ஊர்களுக்கு அது கிடைக்கவில்லை, ஆகவே பெயரை மாற்றுவோம். இந்த ஒப்புதல் வாக்குமூலத்தை நான் முக்கியமான ஆவணமாகக் கருதுகிறேன். நகரம் என்று நாம் எழுதிவைத்திருந்த ஊர்கள் உண்மையில் கிராமத்துக்கான உதவியை வேண்டி நிற்பவை என்று அரசே சொல்லிவிட்டது. மொத்தப் பேரூராட்சிகளில் பத்தில் ஒன்பது பங்கு இப்படி.

அதற்கு மூன்று வருஷம் முன்னால் நடந்த வேடிக்கையைச் சொல்லாமல் இதைக் கடக்க முடியாது. 1991 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் நகர மக்கள் 34 சதம். 2001இல் 44 சதம். இந்தியாவிலேயே அதிகம் நகரமயமான பெரிய மாநிலம் என்ற புகழ் அப்போதுதான் தமிழ்நாட்டுக்கு வந்தது. பொருளாதார நிபுணர்கள் கட்டுரை எழுதினார்கள், அரசியல்வாதிகள் மேடையில் சொன்னார்கள். பத்து வருஷத்தில் அத்தனை பேரும் மூட்டை கட்டிக்கொண்டு டவுனுக்கு வந்துவிட்டார்களா? 1991இல் 469ஆக இருந்த நகரங்களின் எண்ணிக்கை 2001இல் 832 ஆனது. பெரும் பகுதி, பேரூராட்சிகளையெல்லாம் சட்டப்படியான நகரங்கள் என்று கணக்கெடுப்பில் சேர்த்ததால் வந்தது. ஜனங்கள் நகரத்துக்குப் போகவில்லை. நகரம் என்ற சொல் ஜனங்களிடம் வந்து சேர்ந்தது. கணக்கெடுப்பும் வரைபடமும் அருங்காட்சியகமும் அரசு தன் குடிகளைக் கற்பனை செய்துகொள்ளும் மூன்று கருவிகள் என்று பெனடிக்ட் ஆண்டர்சன் காலனிய அரசுகளைப் பற்றி எழுதினார். நமக்குக் காலனி ஆட்சி தேவைப்படவில்லை. 2001இல் நகரத்தின் புள்ளிவிவரப் பெருமைக்காக டவுன், 2004இல் கிராமத்தின் பணத்துக்காக வில்லேஜ்.

2006 மே மாதம் ஆட்சி மாறியது. ஜூலையில் கருணாநிதி அரசு 561 ஊர்களையும் திரும்பவும் பேரூராட்சிகள் ஆக்கியது. இந்தத் தேதிதான் என் கட்டுரையின் மையம். ஏனென்றால் அதே 2006 பிப்ரவரியில் தேசிய ஊரக வேலை உறுதிச் சட்டம் நாட்டின் 200 மாவட்டங்களில் தொடங்கிவிட்டிருந்தது. தமிழ்நாட்டில் முதல் கட்டத்தில் ஆறு மாவட்டங்கள். திருநெல்வேலி இரண்டாம் கட்டத்தில், 2007இல், சேர்ந்தது. நூறு நாள் வேலை ராயகிரியின் எல்லைக்கு வந்து சேரும்போது ராயகிரி மறுபடியும் நகரமாகியிருந்தது. நகர உள்ளாட்சி அமைப்பின் கீழ் வராத பகுதியே ஊரகப் பகுதி என்று அந்தச் சட்டம் வரையறுக்கிறது. ஆகவே வேலை ஊர் எல்லையில் நின்றுவிட்டது. இது திட்டமிட்ட சதி என்று நான் சொல்ல வரவில்லை. ராயகிரியில் நாற்று நடுகிறவளை நினைத்து யாரும் அந்தக் கோப்பில் கையெழுத்துப் போடவில்லை. அவளை நினைக்கவே இல்லை என்பதுதான் விஷயம்.

அந்தப் பக்கம் போயிருந்தபோது களையெடுத்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த சில பெண்களிடம் பேசிக்கொண்டு நின்றேன். அதில் வயதான ஆச்சி ஒருத்தி சொன்னாள்: "எங்க ஊரு டவுனாம்லா அண்ணாச்சி. டவுனுக்கு நூறு நாளு கெடையாதாம். அந்தா தெரியுதுல்லா, அந்த ஊருக்காரிகளுக்கு உண்டு. அவளும் நானும் ஒரே வயல்லதான் குனிஞ்சு நிக்கோம். அவ கிராமமாம், நான் டவுனாம்." கூட இருந்த ஒருத்தி, "டவுன்காரி சேத்துல எறங்கலாமா, வீட்டுக்குப் போ" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறென்ன செய்ய.

சிரிப்பை விட்டுவிட்டுக் கணக்குக்கு வருவோம். நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் 2007இல் நாளொன்றுக்கு 80 ரூபாய். 2025-26க்கு 336 ரூபாய். முழுசாக நூறு நாளும் யாருக்கும் கிடைப்பதில்லை, கூலி மாதக்கணக்கில் பாக்கி நிற்கிறது, அளவைக் காட்டிப் பிடித்துக்கொள்கிறார்கள் என்பதெல்லாம் உண்மை. இருந்தும் இந்தத் திட்டத்தின் அசலான விளைவு அதன் கூலி அல்ல. வேறொரு இடத்தில் வேலை உண்டு என்று ஆகிவிட்டால் நிலக்காரர் சொல்கிற கூலிக்குத் தலையாட்ட வேண்டிய அவசியம் குறைகிறது. ஆள் கிடைக்கவில்லை, எல்லாரும் நூறு நாள் வேலைக்குப் போய் மரத்தடியில் உட்கார்ந்துவிடுகிறார்கள் என்று மிராசுகள் தமிழ்நாடு முழுக்கப் புலம்பியதைக் கேட்டிருப்பீர்கள். அந்தப் புலம்பல்தான் திட்டத்துக்குக் கிடைத்த நற்சான்றிதழ். அந்த வேலைக்குப் போனவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள், அதிலும் கணிசமானோர் தலித் பெண்கள். பேரூராட்சி என்ற பெயர் இந்தப் பேரம்பேசும் சக்தியை ஒரு ஊரிலிருந்து அப்படியே உருவிவிடுகிறது. நிலக்காரரின் பக்கத்திலிருந்து பார்த்தால் இதைவிட நல்ல அரசாணை வேறென்ன வேண்டும்? 2025 டிசம்பரில் அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வேறொரு சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. நாட்கள் நூறிலிருந்து நூற்றிருபத்தைந்து ஆயின. ஊரகம் என்ற வேலி அதிலும் அப்படியே இருக்கிறது.

வேலை போனதோடு முடியவில்லை. கிராம சபையும் போயிற்று. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, பிறகு 2022 முதல் மார்ச் 22, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு ஆறு நாள் கிராம ஊராட்சிகளில் சபை கூட வேண்டும். வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எவரும் எழுந்து நின்று கணக்குக் கேட்கலாம். பல ஊர்களில் அது ஒப்புக்கு நடக்கிறது, தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்து வாங்கக் கிளார்க் வீடு வீடாகப் போகிறார் என்று எனக்கும் தெரியும். ஆனாலும் கேட்பதற்கு ஒரு இடம் சட்டத்தில் இருக்கிறது. பேரூராட்சியில் அந்த இடம் இல்லை. நகர்ப்புறத்துக்கு அரசியல் சட்டம் கட்டாயமாக்கிய வார்டு குழுவோ 3 லட்சமும் அதற்கு மேலும் ஜனத்தொகை உள்ள ஊர்களுக்குத்தான். ஆக ராயகிரி போன்ற ஊர் கிராமசபைக்குப் பெரிசு, வார்டு குழுவுக்குச் சிறிசு. தமிழக அரசு 2022இல் நகர்ப்புறங்களுக்கு பகுதி சபை விதிகள் கொண்டுவந்தது. அது கிராம சபையின் இடத்துக்கு வளர்வதற்கு இன்னும் வெகுதூரம் போக வேண்டும்.

தலைவரைத் தேர்ந்தெடுப்பதும் இதே கதைதான். கிராம ஊராட்சித் தலைவரை ஜனங்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள்; அது மாறவில்லை. பேரூராட்சித் தலைவரை 1996இலும் 2001இலும் ஜனங்கள் தேர்ந்தெடுத்தார்கள். 2006இல் கவுன்சிலர்கள். 2011இல் மறுபடி ஜனங்கள். 2022இல் மறுபடி கவுன்சிலர்கள். 2006 ஜூலை ஆணையால் ராயகிரிக்காரர்கள் அவ்வருஷம் அக்டோபரில் தங்கள் தலைவருக்குத் தாங்களே ஓட்டுப்போடும் வாய்ப்பையும் சேர்த்து இழந்தார்கள். வரி மட்டும் ஏறுமுகம்தான். 2022 ஏப்ரலில் நகர்ப்புறச் சொத்து வரி உயர்த்தப்பட்டபோது 600 சதுர அடிக்கு உட்பட்ட சின்ன வீட்டுக்கும் 25 சதம் கூடியது. 1884இல் வீட்டு வரியோடு தொடங்கியது வீட்டு வரியோடு நிற்கிறது.

இங்கே தோழர்கள் சிலர் குறுக்கிடுவார்கள். என்னய்யா, கிராமத்துக்கு வக்காலத்து வாங்குகிறாயா? அம்பேத்கர் அரசியல் நிர்ணய சபையில் 1948 நவம்பர் 4 அன்று கிராமத்தைப் பற்றிப் பேசியதை மறந்துவிட்டாயா? நியாயமான கேள்வி. காந்தியர்கள் கற்பனை செய்த கிராமக் குடியரசில் சேரி இல்லை. அந்தக் குடியரசு நிஜத்தில் எப்படி இருக்கும் என்பதற்கு மேலூர்ப் பக்கம் வரை போக வேண்டியதில்லை என்றாலும், 1997 ஜூன் 30இல் மேலவளவு முருகேசனும் அவரோடு ஐந்து பேரும் வெட்டிக் கொல்லப்பட்டதை யாரும் மறக்க முடியாது. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல் ஆகிய நான்கு ஊராட்சிகளில் 1996 முதல் பத்து வருஷம் தலித் ஒருவர் தலைவராக அமர விடவில்லை. சங்கரன்கோவிலுக்கு வருவோம். குருவிகுளம் ஒன்றியத்து நக்கலமுத்தன்பட்டியில் 2006 அக்டோபரில் தலைவரான ஜக்கையன் நவம்பரில் கொலை செய்யப்பட்டார். மற்றவர் சொற்படி கையெழுத்துப் போடும் தலைவராக இருக்க மறுத்ததுதான் அவர் செய்த குற்றம் என்று அன்று பேசப்பட்டது. திருநெல்வேலிக்குப் பக்கத்தில் தாழையூத்தில் தலைவராயிருந்த கிருஷ்ணவேணி 2011 ஜூனில் வெட்டப்பட்டு உயிர்பிழைத்தார். பெண்களுக்கு ஒரு கழிப்பறை கட்ட நினைத்ததும் அவர் மீதான பகைக்குக் காரணம்.

ஆனால் இதிலிருந்து எனக்குக் கிடைக்கிற முடிவு வேறு. தலித் தலைவரைக் கொல்லத் துணிகிறார்கள் என்றால் அந்த நாற்காலியில் ஏதோ ஒரு அதிகாரம் நிஜமாகவே இருக்கிறது என்றுதானே அர்த்தம்? காசோலையில் கையெழுத்து, நூறு நாள் வேலையின் மஸ்டர் ரோல், புறம்போக்கு நிலத்தில் எதைக் கட்டுவது என்ற முடிவு. வெறும் அலங்காரத்துக்காக யாரும் அரிவாள் எடுப்பதில்லை. ராயகிரி இருப்பது வாசுதேவநல்லூர் சட்டமன்றத் தொகுதியில். அது தனித் தொகுதி. பக்கத்துச் சங்கரன்கோவிலும் தனித் தொகுதி. நாடாளுமன்றத் தொகுதியான தென்காசியும் தனி. எம்.எல்.ஏ.வும் எம்.பி.யும் தலித்தாக இருப்பதை இந்த வட்டாரத்து ஆதிக்க சாதிகள் ஜீரணித்துக்கொண்டன. ஒரு சின்னப் பஞ்சாயத்துத் தலைவரை ஜீரணிக்க முடியவில்லை. கோட்டையும் தில்லியும் தூரத்தில் இருக்கின்றன. பஞ்சாயத்து ஆபீஸ் தன் தெருவில் இருக்கிறது. சாதியை ஒழிக்க கிராமத்திலிருந்து நகரத்துக்குப் போ என்பது அம்பேத்கர் மனிதர்களுக்குச் சொன்னது. மனிதர்களை அங்கேயே, அதே சேரியில், அதே வயலில் வைத்துவிட்டு ஊரின் பெயர்ப்பலகையை மட்டும் நகரத்துக்கு அனுப்பிவிட்டால் சாதி எங்கே போகும்?

மறுபக்கத்துக்கும் இடம் கொடுக்க வேண்டும். பேரூராட்சியே வேண்டும் என்கிறவர்களும் ஊரில் இருக்கிறார்கள். முழுநேரச் செயல் அலுவலர் உண்டு, தெருவிளக்கு எரிகிறது, குப்பை வண்டி வருகிறது, குடிநீருக்குப் பெரிய திட்டம் கேட்கலாம், மனை விலை ஏறும். கடை வைத்திருப்பவரும் மனை வைத்திருப்பவரும் இப்படித்தான் பேசுவார்கள். பேசுவதில் பொய்யும் இல்லை. ஒன்றை மட்டும் சொல்லலாம். தெருவிளக்கு வேண்டுமென்றால் வேலையை விட்டுக்கொடு என்று ஒரே ஊரின் இரண்டு தெருக்களை எதிரெதிராக நிறுத்துகிற இந்த நிபந்தனை இயற்கையானதல்ல.

அது இயற்கையானதல்ல என்பதற்கு மலைக்கு அந்தப் பக்கம் பார்த்தால் போதும். செங்கோட்டை தாண்டினால் கேரளம். அங்கே பேரூராட்சி என்ற ஒன்றே கிடையாது. 941 கிராமப் பஞ்சாயத்துகள், பலவற்றின் ஜனத்தொகை 25,000க்கு மேல். நம்மூர்ப் பேரூராட்சிகள் இரண்டு மூன்றை ஒரு கேரளப் பஞ்சாயத்துக்குள் போட்டுவிடலாம். வார்டுதோறும் கிராம சபை கூடுகிறது. 2011 கணக்கெடுப்பில் கேரளத்தின் நகர மக்கள் விகிதம் 26இலிருந்து 47.7 சதமாகத் தாவியது. கணக்கெடுப்பு அலுவலகம் தன் அளவுகோலின்படி இவை நகரங்கள் என்று எழுதியதே அதற்குப் பெரும் காரணம். ஆனால் நிர்வாகத்தில் அவை கிராமப் பஞ்சாயத்துகளாகவே தொடர்ந்தன, நூறு நாள் வேலையும் தொடர்ந்தது. நகர்ப்புறங்களுக்கென்று அய்யன்காளி பெயரில் வேலை உறுதித் திட்டம் ஒன்றையும் கேரளம் 2010இல் தொடங்கிவிட்டிருந்தது. அங்கே டவுன் என்று கணக்கில் எழுதப்பட்ட ஊர் பஞ்சாயத்தாகப் பிழைக்கிறது. இங்கே வயல்வெளி டவுனாகப் பட்டினி கிடக்கிறது. தமிழ்நாட்டிலும் நகர்ப்புற வேலைவாய்ப்புத் திட்டம் என்று 100 கோடி ரூபாயில் 2022இல் ஒன்று அறிவிக்கப்பட்டது. பேரூராட்சிகளைப் பொறுத்தமட்டில் அது மாவட்டத்துக்கு ஒன்று என்ற கணக்கில் நடந்த சோதனை முயற்சி.

இதையெல்லாம் பழங்கதை என்று ஒதுக்கிவிட முடியாதபடி 2025 பிறந்தது. தமிழக அரசு வெளியிட்ட அறிவிப்புகளின்படி 16 மாநகராட்சிகளும் 41 நகராட்சிகளும் சுற்றியுள்ள ஊராட்சிகளை இணைத்து விரிவாக்கப்படும். புதிதாக 13 நகராட்சிகள், 25 பேரூராட்சிகள் அமைக்கப்படும். முந்நூறுக்கும் மேற்பட்ட கிராம ஊராட்சிகள் இதில் மறையும். எந்த நேரத்தில்? 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஆம் தேதி முடிந்தது. அடுத்த தேர்தல் நடத்தப்படவில்லை. தலைவரின் நாற்காலியில் தனி அலுவலர் உட்கார்ந்தார். ஊர் ஆட்சேபம் சொல்ல வேண்டிய வேளையில் ஊருக்கு வாய் இல்லை. ஜனங்கள் விடவில்லை. பெண்கள் கூட்டம் கூட்டமாகக் கலெக்டர் ஆபீஸுக்கு மனுவோடு வந்தார்கள். எங்களுக்கு நகரம் வேண்டாம், நூறு நாள் வேலை போய்விடும், வீட்டு வரி கூடிவிடும் என்றார்கள். ஜனவரி 26 கிராம சபைகளில் இணைப்புக்கு எதிராகத் தீர்மானம் எழுதச் சொல்லி வாதாடினார்கள். வளர்ச்சியை எதிர்க்கும் அறியாமை என்று இதைப் பத்திரிகைகளில் எழுதிய அறிவாளிகள் ராயகிரிக்கு ஒருமுறை வந்து பார்த்திருக்கலாம்.

தனி அலுவலர் புதிய ஆளல்ல. 1970இல் பஞ்சாயத்துத் தேர்தல் நடந்தது. அதற்குப் பிறகு 1996 வரையிலான இருபத்தாறு வருஷத்தில் ஒரே ஒரு முறை, 1986இல், நடந்தது. மிச்ச காலத்தில் பெரும் பகுதி தனி அலுவலர்தான். 2016 அக்டோபரில் நடக்கவிருந்த தேர்தலின் அறிவிக்கையைப் பழங்குடியினர் ஒதுக்கீட்டுக் குறைபாட்டைக் காட்டி உயர்நீதிமன்றம் ரத்து செய்தது. மூன்று மாதத்தில் முடிக்க வேண்டிய காரியம். திருநெல்வேலி மாவட்டத்தைப் பிரித்ததால் 2019இலும் தென்காசிக் கிராமங்களுக்குத் தேர்தல் இல்லை. 2021 அக்டோபரில்தான் நடந்தது. பேரூராட்சிகளுக்கு 2022 பிப்ரவரி 19. ராயகிரியைப் போன்ற ஊர்களில் 2016 அக்டோபர் முதல் 2022 மார்ச் வரை, ஒரு முழுப் பதவிக்காலத்தையும் தாண்டி, தேர்ந்தெடுக்கப்பட்ட கவுன்சிலர் ஒருவர்கூட இருந்ததில்லை. நடுவில் கொரோனாவும் வந்து போயிற்று. எந்தத் தெருவுக்கு என்ன வேண்டும் என்று கேட்க அதிகாரி மட்டும் இருந்தார். 2004, 2006 ஆணைகளுக்கும் இந்தக் காலி நாற்காலிக்கும் உள்ள உறவு எனக்கு வெளிப்படையாகத் தெரிகிறது. ஊருக்குப் பெயர் வைப்பவரும், ஊருக்குத் தலைவர் எப்போது வேண்டும் என்று முடிவு செய்பவரும் ஒரே ஆள்.

2021இல் நடந்திருக்க வேண்டிய ஜனத்தொகைக் கணக்கெடுப்பு 2027க்குத் தள்ளிப்போயிற்று. அதற்காக நாடு முழுவதும் நிர்வாக எல்லைகளை 2025 டிசம்பர் 31ஆம் தேதியோடு அசையாமல் நிறுத்த உத்தரவானது. அந்தத் தேதியில் பேரூராட்சி என்று பெயர் இருந்த ஊரெல்லாம் நகரம் என்ற கட்டத்தில் எழுதப்படும். ராயகிரியில் கணக்கெடுப்பவர் வீட்டுக்கு வந்து தொழில் என்ன என்று கேட்கும்போது விவசாயக் கூலி என்று சொல்கிற பெண்ணின் பதில் நகரப் பட்டியலில் போய் உட்காரும்.